படுத்து எழுந்து ஆடிய ஜப்பான்காரன்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. ஒன்றையும் பசியோடு படுக்க வைத்ததில்லை, யார் வாசலிலும் போய் நின்றதுமில்லை. எழுத்து எனக்குப் பாதிதான் வரும். என் பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பாடத்தை வீட்டில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். எனக்கு வேறு வேலை இல்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு படம். போன மாதம் கோலாலம்பூரில் பெரிய படிப்பு படிக்கிற ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்து அந்தப் படத்தைக் காட்டினாள். படத்தில் ஒரு ஜப்பான்காரன் ஒற்றைக்காலில் நின்றான். தலையில் மண்குடம், கண் மூடியிருந்தது. இவர் பெரிய ஆட்ட ஆசிரியர், ஐரோப்பாவில் ஆட்டத்தையே மாற்றினவர், ஜெர்மனியிலும் பாரிஸிலும் இவரிடம் படித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், உடம்பை எப்படி விழ வைப்பது என்று பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்றாள். இளமையில் இவர் மலாயாவில் நம்ம பேரா மாநிலத்துக்கு வந்தாராம். ஏதோ ஒரு தமிழ்த் தோட்டத்தில் எதையோ பார்த்தாராம். அதற்குப் பிறகு இவர் ஆட்டமே வேறு ஆகிவிட்டதாம். அது எந்தத் தோட்டம், பார்த்தது யாரை என்று யாருக்கும் தெரியவில்லையாம். எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

ஆளை நான் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஏதோ வலிக்கிறவன் மாதிரி நிற்பான். படத்திலும் அப்படித்தான் நின்றான். தெரியாது என்று சொல்லி, தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூச்சுக்கு மூச்சு பெரியவர் பெரியவர் என்று சொல்லுகிற பெண்ணிடம் நான் என்ன பேசுவது. ஆனால் அன்றிலிருந்து மனசு கிடந்து அரிக்கிறது. அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். என் வீட்டுப் பலகையில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றவன். என்ன பார்த்தான், என்ன எடுத்துக்கொண்டு போனான் என்று நான் எழுதுகிறேன்.

அப்போது ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் போனால் எங்கள் தோட்டம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கப் போவோம். வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டால் மிச்சப் பொழுது எங்களுடையது. மூத்தவள் இடுப்பை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வயிற்றில் இருந்தது.

என் புருஷன் மரம் வெட்டுவதில் சுமார்தான். பட்டையை ஆழமாகக் கீறிவிட்டுத் வேலையை மேற்பார்க்கிற தண்டலிடம் திட்டு வாங்குவார். ஆட்டம் என்று வந்தால் மட்டும் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வருஷா வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சக்திக்கரகம் எடுப்பவர் அவர்தான். கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, ஆற்றங்கரையில் குடத்தைத் தலையில் ஏற்றினால் கோயில்வரை கை படாது. உறுமி ஏற ஏறக் கால் ஏறும். குடம் மட்டும் வைத்த இடத்தில் இருக்கும். குடுமி அவிழ்ந்து முடி இடுப்புக்குக் கீழே விழும். தோட்டத்தில் எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு முடி இல்லை. எனக்கும் இல்லை. சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துவிடுவது நான். கை வலித்துப் போகும்.

ஈப்போ கோயில் தேருக்கு எங்கள் தோட்டத்திலிருந்து கரகம் போயிருந்தது. அங்கேதான் அந்த ஜப்பான்காரன் அவரைப் பார்த்தான். ஈப்போவில் அப்போது ஜப்பான்காரர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவர் போட்டோ கடை வைத்திருந்தார், ஒருவர் பல் கட்டுவார். மற்றவர்கள் நடத்திய தொழிலை நான் எழுதத் தேவையில்லை. போட்டோ கடைக்காரர் வீட்டில்தான் இவன் தங்கியிருந்தான். ஐரோப்பாவில் சில வருஷம் ஆடிவிட்டு, ஜப்பானுக்குப் போய், அங்கே யாரும் சீண்டாததால் மறுபடி ஐரோப்பாவுக்குக் கப்பலேறப் போகிற வழியில் இங்கே இறங்கியிருந்தான். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

தேர் முடிந்து நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ எங்கள் தோட்டத்துக் கிராணியோடு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்து வாசலில் வந்து நின்றான். கிராணி தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு துரைக்கு முன்னால் வளைவார், எங்களுக்கு முன்னால் நிமிர்வார்.

"இவரு சாதாரண ஆளு இல்லம்மா. ஜெர்மனி, பாரிஸ் எல்லாம் போய் ஆடினவரு. பேப்பர்ல படம் போட்டிருக்காங்க" என்றார் கிராணி.

"என்னா செஞ்சதுக்குப் படம் போட்டாங்க?"

"ஆடினதுக்குலா. வர்ற சனிக்கிழமை ஈப்போ சீனக் கொட்டகையில ஆடுறாரு. உங்க ரெண்டு பேரையும் வரச் சொல்றாரு. சும்மாதான், டிக்கெட் வேணாம்."

போனோம். மூத்தவளையும் தூக்கிக்கொண்டு போனோம். முன்வரிசையில் நாலு வெள்ளைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஜப்பான் கடைக்காரர்கள், அதற்குப் பின்னால் தர்பூசணி விதை கொறித்துக்கொண்டு சீன முதலாளிகளான தவுக்கேமார்கள். நாங்கள் கடைசியில் சுவரோடு நின்றோம்.

திரை விலகியது. மேளம் இல்லை, பாட்டு இல்லை. நடுவில் ஒரு நாற்காலி. அவன் கோவணத்துக்கும் வேட்டிக்கும் நடுவான ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வந்து தரையில் படுத்தான். படுத்தே கிடந்தான். ஆள் மயங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு ஒரு கை எழுந்தது. பிறகு அந்தக் கை விழுந்தது. அவன் மெல்ல எழுந்து, நாற்காலியைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்துப் பயந்தான். நான்கு காலில் பின்னாலேயே போனான். மறுபடி வந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதற்கடியில் நுழைந்தான். மறுபடி படுத்தான். ஒரு தவுக்கே வாயைத் திறந்து குறட்டை விட்டார். வெள்ளைக்காரர்கள் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு பார்த்தார்கள்.

என் மகள் சத்தமாகக் கேட்டாள்: "அம்மா, அந்த மாமா எப்ப ஆடுவாரு?"

பின்வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் புருஷன் சிரிக்கவில்லை. அவர் ஆட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

திரும்பும்போது வண்டியில் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"இதைப் பாக்கவா அவ்ளோ தூரம் வந்தோம்? மத்தியானம் நம்ம லயத்துக்கு வந்தா எல்லாரும்தான் படுத்துக் கெடக்கிறோம். டிக்கெட்டா போடுறோம்?"

"உனக்குப் புரியல. அது புதுசு. கண்ணுக்குப் பழகணும்."

"கண்ணுக்குப் பழகுறது கெடக்கட்டும். காசு வாங்கிட்டுப் படுக்கிறானே, முதுகு கூசல அவனுக்கு?"

"அது உடம்பு பேசுற பாஷைன்னு கிராணி சொல்றாரு."

"கிராணிக்கு உடம்புல வயிறு மட்டும்தான் பேசும். அவரு சொன்னாருன்னு நீங்க கேக்குறீங்களே."



அடுத்த வாரத்திலிருந்து ஜப்பான்காரன் கிராணி வீட்டிலேயே வந்து தங்கிவிட்டான். பால் ஊற்றி முடிந்ததும் என் புருஷன் சோற்றைக்கூட நிதானமாகத் தின்னாமல் அவனிடம் ஓடுவார். ரப்பர் மரங்களுக்கு நடுவே நிரையில் வைத்து அவருக்குப் பழக்கினான். குடம் வேண்டாம் என்றானாம். உறுமி வேண்டாம், அம்மன் பேச்சே வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்றானாம். இப்போது அந்தப் பெண் கொண்டுவந்த படத்தில் அவன் தலையில் குடம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னவன்தான்.

நான் ஒருநாள் விறகு பொறுக்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். என் புருஷன் குடுமியை அவிழ்த்து, முன்னால் குனிந்து, முடி முகத்தை மூடித் தரையைக் கூட்டும்படி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தார். ஜப்பான்காரன் கூடவே குனிந்து நகர்ந்தான். அவன் கண் அவர் காலில் இல்லை, கையில் இல்லை. முடியில் இருந்தது. முடி ஒரு பக்கம் ஒதுங்கி முகம் தெரிந்தால் நிறுத்தச் சொல்லி, தானே போய் முடியை எடுத்து முகத்தில் போட்டான். எவ்வளவு அழகான முகம் என் புருஷனுக்கு. அது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

லயத்தில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா தண்ணிக் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஏன்டி, உன் வீட்டுக்காரருக்கு வயித்துல ஏதும் கோளாறா? நிரையில முக்கிக்கிட்டுப் போறாரு."

"ஆமாக்கா. வைத்தியம் பாக்கத்தான் ஜப்பான்லேருந்து ஆளு வந்திருக்கான்" என்றேன். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

ஒரு மத்தியானம் அவன் என் வீட்டில் சாப்பிட்டான். சம்பலுக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையைக் கழுவாமலே எனக்கு எதிரே வந்து குந்தி, என்னைப் பார்த்துக்கொண்டே வெறும் காற்றில் அரைத்தான். நான் முன்னே போனால் முன்னே போனான், பின்னே வந்தால் பின்னே வந்தான். வயிற்றுப் பிள்ளைக்காக நான் காலை அகட்டி உட்கார்ந்திருந்ததையும் விடவில்லை. இல்லாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அரைத்தான். பிறகு எழுந்து எனக்குக் குனிந்து கும்பிட்டு ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்று கிராணியிடம் கேட்டேன்.

"உங்ககிட்ட இருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டாராம். அதுக்கு நன்றி சொல்றாரு."

"கேக்காம எடுத்துக்கிட்டுத்தான் நன்றி சொல்லுவாரா? மொளகா இன்னும் இருக்கு. நெசமாவே அரைக்கச் சொல்லுங்க."

கிராணி அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் என் புருஷன் ஒரு மாதிரி கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். குளிர் ஊரில் இருப்பவர்கள் வேட்டிக்குள் என்ன போடுவார்கள் என்று கேட்டார். கிராணியின் பழைய கோட்டு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கியது. எதற்கு என்றால் மழைக்கு என்றார். பினாங்கிலிருந்து ஜப்பான்காரனுக்குக் கப்பல் எந்தக் கிழமை என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. லயத்தில் தெரியாதது எது.

"போறீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

"யாரு சொன்னா? திருவிழா வருது. கரகம் யாரு எடுக்கிறது?" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கடல் தாண்டிப் போன ஆண்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நாங்களே அப்படித் திரும்பாதவர்கள்தான். எங்களை அனுப்பிவிட்டு ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கைப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையுமாகத் தோட்டத்தில் புருஷன் இல்லாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு இருந்த ஒரே தைரியம் காப்பு. அம்மனுக்குக் காப்புக் கட்டினவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அதை மீற என் புருஷனுக்குத் துணிச்சல் கிடையாது. காப்புக் கட்டுவது செவ்வாய்க்கிழமை. கப்பல் அதற்கு அடுத்த வாரம். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கப்பல் தானாகப் போய்விடும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம், முறத்தில் நெத்திலியைப் போட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி என் வீட்டுக்குள் நுழைந்தார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு நெத்திலி கையிலேயே நின்றுவிட்டது.

"யாரு செத்தது?" என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா அழுகையை நிறுத்தாமலே சொன்னாள். "பாவி மகளே, உனக்குச் சொல்லலையா? ஊர்ல உன் பெரிய மாமனாரு போயிட்டாராம்டி. கப்பல்லேருந்து எறங்கின ஆளு நேத்து ஈப்போ பாசார்ல உன் புருஷனைப் பாத்துச் சொன்னானாம். இப்பத்தான் பூசாரிகிட்ட சொல்லி அழுவுறாரு. தீட்டு வந்துருச்சு, இந்த வருசம் காப்புக் கட்ட முடியாதுன்னு."

முந்தின நாள் என் புருஷன் ஈப்போவுக்குப் போகவே இல்லை. பொழுது சாயும்வரை நிரையில் நண்டு மாதிரி நகர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெரியப்பா அவரை வளர்த்தவர். தாய் தகப்பன் போன பிறகு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டவர், பிள்ளை இல்லாதவர். அந்த மனுஷனை உயிரோடு சாகடித்து அம்மனிடமிருந்து தப்பித்துக்கொண்டார். எல்லாம் ஒரு நாற்காலிக்கடியில் நுழைகிறவனுக்காக.

அத்தனை பேர் முன்னால் பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும். பூசாரி காறித் துப்புவார். இவர் அவமானம் தாங்காமல் அன்றைக்கே ஓடிவிடுவார். இரண்டு நெத்திலியைக் கிள்ளிப் போடுகிற நேரம் யோசித்திருப்பேன். பிறகு முறத்தைத் தள்ளிவிட்டு, தலைமுடியை அவிழ்த்து, அடிவயிற்றிலிருந்து அலறினேன்.

"என்னைப் பெத்த மாமா, உங்களுக்குக் கொள்ளி போட யாரு மாமா இருக்கா..."

நான் அழுத மாதிரி அந்த லயத்தில் யாரும் அழுததில்லை. ஒப்பாரிக்கு வந்தவர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

என் புருஷன் கோயிலிலிருந்து திரும்பும்போது வீடு நிறைந்த கூட்டம். அவர் எதிர்பார்த்தது அது இல்லை. பூசாரியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். சாவைச் சொன்னால் அழ ஆள் வருவார்கள் என்பது அவர் புத்தியில் தட்டவில்லை. ஜப்பான்காரனோடு சேர்ந்தால் வரும் புத்தி அது.

கங்காணியும் பூசாரியும் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளேயிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி அழுதேன்.

"பெத்த புள்ள இல்லாத மனுசன். வளத்த புள்ள நீங்க இருக்கீங்க. அந்தக் கடனை நீங்க செய்யாம வேற யாருங்க செய்யிறது?"

கங்காணி தலையை ஆட்டினார். "நெசந்தானே தம்பி. கொள்ளி போட உனக்குத்தானே உரிமை."

"செய்யிறேன் மாமா. பதினாறாம் நாளு செய்யிறேன்" என்றார் இவர்.

பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "செவ்வாக்கெழமை அம்மனுக்குக் காப்பு. அன்னிக்கு லயத்துல தீட்டு இருக்கலாமாப்பா? இது கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சாவு, காதால கேட்ட துக்கம். மூணாம் நாளே முடிச்சிடலாம். ஞாயித்துக்கெழம ஆத்தங்கரைல வச்சிருவோம். அம்பட்டனுக்கு நான் சொல்லியனுப்புறேன்."

அம்பட்டன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் புருஷன் கை தானாகக் குடுமிக்குப் போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குப் பெண்கள் போகவில்லை. கங்காணி வீட்டுக்காரி வந்து சொன்னதுதான். அம்பட்டன் கத்தியைத் தீட்டிவிட்டு, இப்படிப்பட்ட முடியை எடுக்க மனசு வரவில்லை என்றானாம். மீசையாவது இருக்கட்டும் என்று இவர் கேட்டாராம். கங்காணி விடவில்லையாம். பிண்டம் வைத்து, முழுகி, ஈரத்துணியோடு வீட்டுக்கு வந்தார். உரித்த முட்டை மாதிரி இருந்தார். மகள் அவரைப் பார்த்து யாரோ என்று என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

சோறு போட்டேன். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கேட்டார்.

"உனக்கு இப்பத் திருப்தியா?"

"மாமாவோட ஆத்மாவுக்குத் திருப்தி. எனக்கென்ன" என்றேன். ரசம் ஊற்றினேன்.

செவ்வாயன்று கரகத்துக்கு வேறு ஒருவனுக்குக் காப்புக் கட்டினார்கள். என் புருஷன் கோயில் பக்கமே போகவில்லை.

ஜப்பான்காரன் அந்த நாட்களில் ஈப்போவில் இருந்தான், பெட்டி கட்டிக்கொண்டு. கப்பலுக்கு முந்தின நாள் ஒரு வாடகை மோட்டார் எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. அவனும் கிராணியும் இறங்கினார்கள். ஈப்போவில் ரயில் ஏறி, கோலா கங்சார் வழியாகப் பினாங்குப் பக்கம் போய்விடுவதாக ஏற்பாடு. லயமே வெளியே வந்து நின்றது.

என் புருஷன் உள்ளேயிருந்து வந்தார். கிராணியின் கோட்டைப் போட்டிருந்தார். கையில் ஒரு மூட்டை. முடி போனால் என்ன, நான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டார். நான் மகளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். அழவில்லை. பொய்ச் சாவுக்கு அழுது தீர்த்துவிட்டேன், நிஜத்துக்கு வரவில்லை.

ஜப்பான்காரன் அவரைப் பார்த்தான். முதலில் அவனுக்கு ஆளே தெரியவில்லை. தெரிந்ததும் கிட்டே வந்தான். தலையைச் சுற்றி நடந்து பார்த்தான், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. ஒரு விரலால் மண்டையைத் தொட்டான். கிராணியிடம் பேசினான்.

"வளர எத்தனை நாளாகும்னு கேக்குறாரு" என்றார் கிராணி.

"அந்த அளவுக்குன்னா பல வருசம் ஆகும்" என்றார் கங்காணி.

கிராணி அதைச் சொன்னார். ஜப்பான்காரன் உதட்டைக் கடித்தான்.

என் புருஷன் சொன்னார்: "ஆடுறது நான்தானேங்கய்யா. காலு இருக்கு. கையி இருக்கு. அவரு சொல்லிக் குடுத்தது எல்லாம் மனசுல இருக்கு. குடுமி இல்லாட்டியும் ஆடிக் காட்டுறேன்னு சொல்லுங்க. இப்பவே இங்கயே ஆடுறேன்."

மூட்டையைக் கீழே வைத்தார். அத்தனை பேர் பார்க்க, மோட்டாருக்கு முன்னால் புழுதியில் குனிந்து, அந்த நண்டு நடையை நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காகூடச் சிரிக்கவில்லை.

ஜப்பான்காரன் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினான். கிராணி காதில் ஏதோ சொன்னான். கிராணி சொல்லத் தயங்கினார்.

"என்னா சொல்றாருங்கய்யா?"

"அந்த ஆட்டத்துல தலை இல்லாம ஆடலாமாம். முடி இல்லாம ஆட முடியாதாம்."

பிறகு அவன் என் புருஷனுக்கு இடுப்புவரை குனிந்து கும்பிட்டான், எனக்கும் ஒரு தடவை கும்பிட்டான், மோட்டாரில் ஏறினான். அவ்வளவுதான். போய்விட்டான்.

அவன் கூட்டிப் போகக் கூடாது என்றுதான் நான் அத்தனையும் செய்தேன். செய்ததில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறை இல்லை. இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவன் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு அந்த வாசலில்தான் பிறந்தது. கூட்டிப் போக வந்ததற்காக இல்லை. ஒரு வார்த்தை வாதாடியிருக்கலாம். பரவாயில்லை வா, வேறு ஆட்டம் ஆடலாம் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் அவன் மோட்டாருக்கு முன்னால் படுத்தாவது தடுத்திருப்பேன். அதற்காவது அவனை ஒரு மனுஷனாக மதித்திருப்பேன். ஒரு மாதம் கூடவே திரிந்து, என் புருஷனிடம் அவன் கண்டது அவ்வளவுதான். அவர் ஆட்டம் அவன் கண்ணில் படவே இல்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஐரோப்பாவில் நூறு பேருக்கு ஆசிரியராக இருந்திருக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் பாவம்.

மோட்டார் வளைவு தாண்டிய பிறகும் இவர் நின்றுகொண்டே இருந்தார். நான் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். கிராணி மறுநாளே ஆள் அனுப்பிக் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மூன்று மாதம் இவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாவது பிறந்தது, பையன். அவனைத் தூக்கும்போது பேச்சும் வந்துவிட்டது. மறு வருஷம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவன், பெரியப்பா நலமாக இருக்கிறார், நீங்கள் காசு அனுப்பவில்லையே என்று கேட்டார் என்றான். லயம் முழுக்கச் சிரிப்பு. ஈப்போ பாசாரில் சொன்னவன் வேறு யாரையோ சொல்லியிருப்பான் என்று இவர் சமாளித்தார். உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்த ஒரே தோட்டம் நம்முடையதுதான் என்று கங்காணி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருஷம் இவர் மறுபடி காப்புக் கட்டிக் கரகம் எடுத்தார். முடி கழுத்துவரைதான் இருந்தது. பிறகு எல்லாரையும் போல கிராப்பு வெட்டிக்கொண்டார். எப்படி இருந்தாலும் குடம் அசையவில்லை. சண்டை வரும்வரை அவர்தான் எடுத்தார். சண்டையில் வந்த ஜப்பான்காரர்கள் வேறு. அவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

நாலாவது பிள்ளைக்குப் பிறகு ஒருநாள், நான் மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து உட்கார்ந்து கேட்டார்.

"அன்னிக்கே உனக்குத் தெரியும்தானே? பெரியப்பா சாவலன்னு."

"நீங்க சொன்னீங்க. நான் நம்பினேன். கட்டின புருசன் சொல்றதை நம்பாம நான் வேற யாரை நம்புறது?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அந்த ஜப்பான்காரன் ஆளைத் தப்பாப் புடிச்சிட்டான்டி. உன்னையில்ல கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"போயி நாற்காலிக்கடியில நுழையவா? எனக்கு இங்க வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு இடித்தேன். ஆனால் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியது அதுதான் கடைசி.

இதோடு போதும். பேரனைக் கூப்பிட்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறான். அய்யா, இந்தா, இதை வாங்கி முதலிலிருந்து வாய்விட்டுப் படி. என் எழுத்து கோணலாக இருந்தால் நிறுத்தி என்னைக் கேள், நீயாக ஒன்றைச் சேர்க்காதே. எனக்கு அவசரம் இல்லை. மெதுவாகப் படி.